வெண்பட்டைப் பைனை நம்பி வாழும் ஒரு பறவையும் ஓர் அணிலும்

ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு காலை, அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், டன்ரேவன் கணவாயிலிருந்து வாஷ்பர்ன் மலைக்கு ஏறும் பாதையில், ஒரே மரத்தைப் பார்த்தபடி ஒன்றரை மணி நேரம் நின்றிருந்தேன். கணவாயே ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, காற்று அடிக்கும் பக்கத்தில் கிளையே இல்லாமல் நிற்கத் தொடங்குகின்றன. நான் பார்த்துக்கொண்டிருந்தது வெண்பட்டைப் பைன். மேல்நோக்கி வளைந்த அதன் கிளை நுனிகளில், கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில், விதைகளைத் தாங்கிய, பிசின் பூசிய கூம்புகள் கொத்துக் கொத்தாக இருந்தன. உச்சிக் கிளையில் சாம்பல் நிறப் பறவை ஒன்று ஒரு கூம்பின் மேல் காலை ஊன்றி நின்று, உளி போன்ற அலகால் அதைக் கொத்திப் பிளந்துகொண்டிருந்தது. அதே மரத்தின் மறுபுறத்தில் செம்பழுப்பு நிற அணில் ஒன்று கிளைக்குக் கிளை ஓடி, கூம்புகளைக் காம்போடு கடித்துக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கூம்பும் தரையைத் தொடும்போது ‘தொப்’பென்ற ஓசை கேட்டது. பறவையின் வேலையில் ஓசை குறைவு. ஊதா நிறச் செதில் துணுக்குகள் மட்டும் மழைத்தூறல் போல உதிர்ந்துகொண்டிருந்தன.

பறவையின் பெயர் கிளார்க் நட்கிராக்கர். 1805 ஆகஸ்டில், லூயிஸும் கிளார்க்கும் அமெரிக்க மேற்கை ஆராய நடத்திய பயணத்தின்போது, இன்றைய ஐடஹோ மாநிலத்தில் வில்லியம் கிளார்க் இதைக் கண்டு, மரங்கொத்தி வகை என்று எண்ணிக் குறித்து வைத்தார். அலகைப் பார்த்தால் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் இது காகக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ 30 செண்டிமீட்டர், எடை 130 கிராம் அளவில் இருக்கும். வெளிர் சாம்பல் உடல், கறுப்பு இறக்கை, பறக்கும்போது மட்டும் பளிச்சிடும் வெள்ளைப் பட்டை, மலைச்சரிவு முழுவதும் எதிரொலிக்கும் கரகரத்த குரல் ஆகியவற்றைக் கொண்டு அடையாளம் காணலாம். அணில், அமெரிக்கச் செவ்வணில். எடை 200 முதல் 250 கிராம் வரை. வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், முதுகில் நாம் தேடும் மூன்று கோடுகள் இல்லை. உருவத்தில் சிறியதானாலும் இந்த அணிலின் கோபம் பெரியது. நான் நின்ற இடம் தன்னுடையது என்பதை அது தொடர்ந்து எனக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது.

இரண்டுக்கும் இருப்பது ஒரே நெருக்கடி. அந்த உயரத்தில் குளிர்காலம் ஆண்டில் பாதிக்கு மேல் நீடிக்கிறது. இரண்டும் குளிர்காலத் தூக்கத்தில் ஆழ்ந்து அதைக் கடத்திவிடும் உயிர்கள் அல்ல. ஒவ்வொரு நாளும் தின்றாக வேண்டும். வெண்பட்டைப் பைனின் விதையோ கொழுப்பு நிறைந்தது, அதன் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்புதான். கூம்பு முற்றும் அந்தச் சில வாரங்களில் சேர்த்து வைப்பதே அடுத்த கோடை வரை உயிரைக் காக்கும். ஆகவே இரண்டும் சேர்க்கின்றன. சேர்ப்பதை எங்கே, எப்படி வைப்பது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. ஒரு காடே அந்தப் பிரிவின் மேல் நிற்கிறது என்று எனக்குப் படிப்படியாகத்தான் புரிந்தது.

முதலில் பறவை. கூம்பைப் பிளந்து எடுத்த விதையை அது உடனே விழுங்குவதில்லை. அலகு நுனியில் வைத்து விரைவாகக் கடகடவென்று தட்டிப் பார்க்கிறது. உள்ளே பருப்பு இல்லாத பொக்கு விதையானால் கீழே போட்டுவிடுகிறது. நல்ல விதையானால் தலையைச் சற்றே பின்னால் சாய்த்து நாவுக்கு அடியில் இருக்கும் பைக்குள் இறக்கிக்கொள்கிறது. இந்தப் பை நட்கிராக்கருக்கே உரிய சிறப்பு. நூறு விதைகளுக்கு மேல் அதில் கொள்ளும். அன்று காலை அந்தப் பறவையின் தொண்டை என் கண் முன்னே கொஞ்சம் கொஞ்சமாகப் புடைத்து, கடைசியில் எலுமிச்சம்பழத்தை விழுங்கியது போலத் தொங்கியது. பை நிறைந்ததும் பறவை எழுந்து சரிவின் குறுக்கே பறந்து மறைந்தது. சில நேரம் அருகிலேயே, சில நேரம் 20 கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று, காற்று பனியை அடித்துச் சென்றுவிடும் மேடுகளிலும், வெயில் படும் தென்சரிவுகளிலும், பாறை இடுக்குகளிலும், மரத்தடிகளிலும் விதைகளைப் புதைக்கிறது. மண்ணில் அலகால் ஒரு குத்து, அந்தக் குழிக்குள் மூன்று நான்கு விதைகள், மேலே கொஞ்சம் மண் அல்லது ஒரு சிறு கல், அவ்வளவுதான். ஆழம் இரண்டு மூன்று செண்டிமீட்டருக்கு மேல் போவதில்லை.

இந்தச் சிறு வேலையை ஒரு பறவை ஓர் இலையுதிர் காலத்தில் எத்தனை முறை செய்கிறது என்பதுதான் மலைக்க வைக்கிறது. நல்ல விளைச்சல் உள்ள ஆண்டில் ஒரு நட்கிராக்கர் ஏறத்தாழ 32,000 வெண்பட்டைப் பைன் விதைகளைப் புதைப்பதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இன்னோர் ஆய்வு 98,000 என்றது. குறைந்த மதிப்பீட்டையே எடுத்துக்கொண்டாலும், குழிக்கு மூன்று நான்கு விதை என்று கணக்கிட்டால், ஒன்பதாயிரம் குழிகள் வரும். அவற்றுக்கு அடையாளக் குறி எதுவும் இல்லை. பல குழிகள் மாதக்கணக்கில் பனிக்கு அடியில் கிடக்கும். பறவை திரும்பி வந்து, பனியைக் குடைந்து, நேராக அந்தக் குழியில் அலகை இறக்குகிறது.

மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கிறதா, குருட்டாம்போக்கில் தேடுகிறதா, அல்லது உண்மையிலேயே நினைவில் வைத்திருக்கிறதா என்ற கேள்விக்கு ஆய்வாளர் ஸ்டீபன் வாண்டர் வால் 1982-இல் வெளியிட்ட சோதனை தெளிவான விடை தந்தது. பெரிய கூண்டுக்குள் சில பறவைகளை விதைகளைப் புதைக்க விட்டு, பிறகு அவற்றையும், புதைக்காத வேறு பறவைகளையும் தேட விட்டார். புதைத்தவை தம் விதைகளைத் திறமையாகக் கண்டெடுத்தன. மற்றவை பெரும்பாலும் வெறும் மண்ணைக் கிளறின. அதோடு அவர் நிற்கவில்லை. கூண்டின் ஒரு பாதியில் இருந்த கல், கட்டை போன்ற அடையாளப் பொருள்களை மட்டும் 20 செண்டிமீட்டர் நகர்த்தி வைத்தார். அந்தப் பாதியில் பறவைகள் சரியாக 20 செண்டிமீட்டர் தள்ளியே அலகைக் குத்தின. நகர்த்தாத பாதியில் குறி தப்பவில்லை. அதாவது, பறவை மண்ணை நினைவில் வைக்கவில்லை, மண்ணைச் சுற்றி நிற்பவற்றை நினைவில் வைத்திருக்கிறது. பின்னர் ரஸ்ஸல் பால்டா, ஆலன் காமில் என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனையில், புதைத்து 285 நாள்கள் கழிந்த பிறகும் இந்தப் பறவைகள் தம் குழிகளைக் கண்டெடுத்தன. 1997-இல் காமில் இன்னொரு சோதனையையும் வெளியிட்டார். இரண்டு அடையாளப் பொருள்களின் நடுப்புள்ளியில் விதை இருக்கும் என்று பறவைக்குப் பழக்கிவிட்டு, அந்த இரு பொருள்களுக்கும் இடையிலான தொலைவை மாற்றினால், இதுவரை பார்த்திராத அந்தப் புதிய தொலைவிலும் பறவை நடுப்புள்ளியைத் தேடிச் சென்றது. இடத்தை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப்பகுதி, வட அமெரிக்காவின் மற்றக் காகக் குடும்பப் பறவைகளோடு ஒப்பிட்டால் நட்கிராக்கருக்குப் பெரிதாக இருக்கிறது. எங்கே சாவியை வைத்தேன் என்று தேடும் யாரும் இதைப் படித்துவிட்டு இந்தப் பறவையைச் சாதாரணமாகப் பார்க்க முடியாது.

அணிலுக்கு இந்த நினைவாற்றல் தேவையில்லை. அது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்துவிட்டு, அந்த இடத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. புதையல் காத்த பூதம் என்று நாம் சொல்வோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான உயிரை நான் கண்டதில்லை. அடித்துத் தள்ளிய கூம்புகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு போய், பழைய மரம் ஒன்றின் அடியில் இருக்கும் பெரிய குவியலுக்குள் அது செருகுகிறது. பாதையிலிருந்து இருபது அடி தள்ளி அந்தக் குவியல் இருந்தது. பார்த்த உடனே மரத்தூள் கொட்டிக் கிடக்கிறது என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தபோதுதான் அத்தனையும் கூம்புச் செதில்கள் என்று தெரிந்தது. மேலே இந்த ஆண்டுச் செதில்கள் செம்பழுப்பாக இருந்தன. ஓரத்தில் சரிந்திருந்த இடத்தில், அடியில் இருந்தவை கறுத்து, மக்கி, ஏறத்தாழ மண்ணாகவே மாறியிருந்தன. தலைமுறை தலைமுறையாக அணில்கள் அதே கிளையில் உட்கார்ந்து கூம்பை உரித்துத் தின்று, உமியைக் கீழே போட்டுப் போட்டு எழுந்த மேடு அது. அந்த மேடே புதிய கூம்புகளுக்குக் குதிராகிறது. உள்ளே குளிர்ச்சியும் ஈரமும் இருப்பதால் கூம்புகள் காயாமல், கெடாமல் இருக்கின்றன. நல்ல ஆண்டில் ஒரு குவியலுக்குள் ஆயிரக்கணக்கான கூம்புகள் இருக்கும்.

குதிர் இருந்தால் காவல் வேண்டும். செவ்வணில் ஆணானாலும் பெண்ணானாலும் தனியாகவே வாழ்கிறது. தன் குவியலைச் சுற்றியுள்ள நிலத்தை ஆண்டு முழுவதும் காக்கிறது. அருகில் யாரும் வருமுன்பே, ‘இங்கே ஆள் இருக்கிறது’ என்று நீண்ட கிலுகிலுப்பை ஒலியில் அறிவிக்கிறது. கனடாவின் யூகான் பகுதியில் குளூவேன் ஏரிக்கு அருகே, 1987 முதல் இந்த இனத்தை ஒவ்வோர் அணிலாக அடையாளமிட்டுத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அங்கே கிடைத்த செய்திகளில் இரண்டு என் மனத்தை விட்டு அகலவில்லை. ஒன்று, குட்டிகளில் பல முதல் குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை; குவியலோடு கூடிய ஓர் இடம் கிடைக்காத குட்டிக்குப் பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே, சில தாய்கள் தம் குவியலையே பிள்ளைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வேறு இடம் தேடிப் போகின்றன. அவ்வளவு சண்டைக்கார உயிர், வாழ்நாள் முழுவதும் காத்த சொத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறது என்பதைப் படித்தபோது சற்று நேரம் மேலே படிக்க முடியவில்லை. இரண்டாவது, பக்கத்து எல்லைகளில் இருக்கும் அணில்கள் ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருந்தால், அவற்றின் நடுவே வாழும் அணில் நீண்ட நாள் உயிரோடிருக்கிறது. நாள்தோறும் கேட்டுப் பழகிய குரலோடு சண்டை போடத் தேவையில்லை அல்லவா. பறவை இடங்களை நினைவில் வைக்கிறது என்றால், அணில் அண்டை வீட்டாரை நினைவில் வைக்கிறது.

பைன் மரங்கள் ஆண்டுதோறும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளில் கிளை கொள்ளாத கூம்புகள். சில ஆண்டுகளில் தேடினாலும் கிடைக்காது. பொய்த்த ஆண்டில் நட்கிராக்கர் கூட்டமாக இடம் பெயர்ந்து, வேறு மலைகளையும் வேறு பைன் இனங்களையும் தேடிப் போய்விடும். இனப்பெருக்கத்தையே நிறுத்திக்கொள்வதும் உண்டு. எல்லோஸ்டோனுக்குத் தெற்கே நடந்த ஓர் ஆய்வில், முந்தைய இலையுதிர் காலத்தில் கூம்புகள் குறைந்திருந்த ஆண்டுகளில் அங்கிருந்த பறவைகள் கூடே கட்டவில்லை. அணிலால் எங்கும் போக முடியாது. குவியலை விட்டுப் போனால் வேறோர் அணில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே அது வேறு வழியைக் கையாள்கிறது. யூகானில், ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள் பெருமளவில் காய்க்கப் போகும் ஆண்டில், கூம்புகள் முற்றி உணவாவதற்கு முன்பே பெண் அணில்கள் இரண்டாவது முறையும் குட்டி ஈன்றதை 2006-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இன்னும் கைக்கு வராத விளைச்சலை நம்பிக் குடும்பத்தைப் பெருக்குகின்றன.

நட்கிராக்கரின் குடும்ப வாழ்க்கையும் சேமிப்பைச் சுற்றியே அமைந்திருக்கிறது. மலையில் பனி உருகாத மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே கூடு கட்டி முட்டையிடுகிறது. குஞ்சுகளுக்குப் போன ஆண்டு புதைத்த விதைகளே முக்கிய உணவு. காகக் குடும்பத்தில் பெரும்பாலும் பெண்தான் அடைகாக்கும். இங்கே ஆணும் அடைகாக்கிறது, அதற்கேற்ப ஆணின் வயிற்றிலும், முட்டைக்குச் சூடு தரும் இறகு உதிர்ந்த அடைத்தழும்பு தோன்றுகிறது. காரணம் எளிது. ஒவ்வொரு பறவைக்கும் தான் புதைத்த குழிகள் மட்டுமே தெரியும். பெண் பசியோடு கூட்டிலேயே இருந்தால் அதன் குழிகளை அதற்காக வேறு யாரும் தோண்டித் தர முடியாது. மாறி மாறி உட்கார்ந்தால்தான் இருவரும் அவரவர் வைப்பை எடுத்துத் தின்ன முடியும்.

இப்போது மரத்தின் பக்கம் வருகிறேன். வெண்பட்டைப் பைனின் விதைக்கு இறக்கை கிடையாது, காற்றில் பறக்காது. கூம்பும் முற்றிய பிறகு தானாக விரிந்து விதையைக் கொட்டுவதில்லை. யாராவது வந்து பிளந்து, எடுத்து, கொண்டு போய் மண்ணுக்குள் வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஏறத்தாழ முழுவதும் நட்கிராக்கர் மட்டுமே. அது புதைக்கும் ஆழம் முளைப்பதற்கு ஏற்ற ஆழம். அது தேர்ந்தெடுக்கும் இடங்களில் பல, நாற்று பிழைப்பதற்கு ஏற்ற இடங்கள். தேவைக்கு மேல் பல மடங்கு புதைப்பதால், எடுக்காமல் விட்டவை மண்ணில் தங்குகின்றன. உழவர் வீட்டில் சாப்பாட்டு நெல்லும் விதைநெல்லும் தனித்தனியாக இருக்கும். இந்தப் பறவையிடம் இரண்டும் ஒரே குழியில் இருக்கின்றன, எது எதுவாகும் என்பதை அந்த ஆண்டின் பசி தீர்மானிக்கிறது. வாஷ்பர்ன் பாதையோரத்தில் ஐந்தாறு அடிமரங்கள் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை போல ஒட்டி நின்றதைப் பலமுறை கடந்து போயிருக்கிறேன். அவை ஒரே மரத்தின் கிளைகள் என்றே எண்ணியிருந்தேன். மரபணுவைச் சோதித்துப் பார்த்த ஆய்வாளர்கள், இப்படிப்பட்ட கொத்துகள் பலவற்றில் ஒவ்வோர் அடிமரமும் தனித்தனி மரம் என்று கண்டிருக்கிறார்கள். என்றோ ஒரு பறவை ஒரு குழியில் வைத்து, எடுக்க வராமல் போன ஒரு பிடி விதை அது. வெண்பட்டைப் பைன் ஆயிரம் ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய மரம் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கொத்தில் கை வைத்தால், அந்தக் காலைப்பொழுதின் கனம் தெரியும்.

அணிலின் குவியலில் வைத்த விதை முளைப்பதில்லை. ஆழத்தில், செதில் குப்பைக்குள், கூம்புக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும் விதை நாற்றாக முடியாது. மரத்தின் கணக்கில் பறவை விதைப்பவன், அணில் அறுத்துப் போகிறவன். இந்தப் பகை மரத்தின் உடலிலேயே பதிந்திருக்கிறது. செவ்வணில் எட்டாத தனித்த மலைத்தொடர்கள் அமெரிக்க மேற்கில் சில உண்டு. அங்கும், அணில் வாழும் மலைகளிலும் உள்ள பைன் கூம்புகளை ஆடம் சீபீல்ஸ்கி, கிரெய்க் பெங்க்மன் என்ற ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அணில், விதை மிகுந்த கூம்புகளையே தேர்ந்து வெட்டுகிறது. ஆகவே அணில் இருக்கும் இடங்களில், கூம்பு தன் பொருளைத் தற்காப்புக்கே செலவிட்டு, விதை குறைந்து, செதில் தடித்துப் போயிருக்கிறது. அணில் இல்லாத மலைகளில் செதில் மெல்லியது, விதை அதிகம். பறவைக்குப் பிளக்க எளிது.

இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பறவை ஆர்வலர்களிடம் இதைப் பேசும்போதெல்லாம் அணிலைத் திருடன் என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. என் மனம் பறவையின் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்கவில்லை; ஆனாலும் அணிலின் குவியலை நம்பி வேறொரு பெரிய வயிறு அந்த மலையில் இருக்கிறது. கிரிஸ்லி கரடிகள் குளிர்காலத் தூக்கத்துக்கு முன் உடலில் கொழுப்பேற்ற வேண்டிய மாதங்களில் வெண்பட்டைப் பைன் விதைகளைத் தேடி மேலே ஏறுகின்றன. கரடி உச்சிக்கிளைக் கூம்பைப் பறிப்பதில்லை. ஒன்பதாயிரம் சிறு குழிகளைத் தோண்டித் திரிவதும் அதற்குக் கட்டுப்படியாகாது. அது நேராக அணிலின் குவியலைத் தோண்டுகிறது. எல்லோஸ்டோன் பகுதிக் கரடிகள் தின்னும் பைன் விதைகளில் ஏறத்தாழ எல்லாமே செவ்வணில் சேர்த்து வைத்தவை. கூம்பு மிகுந்த ஆண்டில் கரடிகள் உயரத்திலேயே தங்கிவிடுகின்றன. குறைந்த ஆண்டில் கீழே, மனிதர் நடமாடும் இடங்களுக்கு இறங்கி வந்து உயிரை இழப்பவை அதிகம். அணில் இல்லாவிட்டால் அந்த விதைகளில் பெரும்பகுதி கரடிக்கு எட்டியே இருக்காது. அன்று நான் பார்த்த குவியலின் ஒரு பக்கம் சரிந்திருந்தது என்றேனே, அது தானாகச் சரிந்ததா, தோண்டப்பட்டதா என்று யோசித்த மறுகணமே பாதைக்குத் திரும்பிவிட்டேன்.

கூம்புகள் போதிய அளவு இருந்தவரை இந்த மூவருக்கும் இடம் இருந்தது. இப்போது மரமே குறைந்து வருகிறது. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நாற்றுகளோடு 1910 வாக்கில் கனடாவின் வான்கூவருக்கு வந்து சேர்ந்த கொப்புளத் துரு நோய் என்னும் பூஞ்சை, மேற்கு மலைகள் முழுவதும் பரவிவிட்டது. அது மரத்தை உடனே கொல்வதில்லை. பெரும்பாலும் மேல்கிளைகளை முதலில் காய வைக்கிறது. கூம்பு காய்ப்பது அந்தக் கிளைகளில்தான். மரம் பல ஆண்டுகள் பச்சையாகவே நிற்கும், காய்க்காது. இதற்கு மேல், குளிர் குறைந்த ஆண்டுகளில் பெருகிய பைன் பட்டை வண்டுகள் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எல்லோஸ்டோனைச் சுற்றி முதிர்ந்த மரங்களைப் பெருமளவில் கொன்றன. கனடா 2012-இல் இந்த மரத்தை அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. அமெரிக்கா 2022 டிசம்பரில் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது. கூம்பு காய்க்கத் தொடங்கவே இருபது முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும், நிறையக் காய்க்க அறுபது எண்பது ஆண்டுகள் ஆகும் மரத்துக்கு இது எத்தகைய இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் பறவைக்கும் அணிலுக்கும் உள்ள வேறுபாடு கூர்மையாகிறது. கூம்புகள் குறையக் குறைய, இடத்தை விட்டு நகராத அணில், இருப்பதில் பெரும்பங்கை முற்றுவதற்கு முன்பே வெட்டிச் சேர்த்துவிடுகிறது. பறவையோ வானத்திலிருந்து பார்த்து, இங்கே வந்தால் கட்டுப்படியாகாது என்று கண்டு வேறு காட்டுக்குப் போய்விடுகிறது. ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1,000 கூம்புகளாவது இருந்தால்தான் நட்கிராக்கர் வந்து விதைகளை எடுத்துச் செல்லும் வாய்ப்பு வலுவாக இருக்கும் என்று 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதற்குக் கீழே போன காட்டில் மரம் இருக்கும், கூம்பும் சில இருக்கும், விதைப்பவன் இருக்கமாட்டான். பறந்து போகும் ஆற்றல்தான் இந்தப் பறவையை அந்த மரத்துக்கு இவ்வளவு பயனுள்ளதாக ஆக்கியது. அதே ஆற்றல் அதை அங்கிருந்து கொண்டும் போய்விடுகிறது.

அடுத்த ஆண்டு ஜூலையில், வேறொரு மலைச்சரிவில், துரு நோயைத் தாங்கி நிற்கும் மரங்களிலிருந்து விதை சேகரிப்பவர்களைப் பார்த்தேன். அப்படிப்பட்ட மரங்களின் விதைகளை எடுத்து, நாற்றங்காலில் வளர்த்து, நோய்ப் பூஞ்சையின் வித்துகளை வேண்டுமென்றே அந்த நாற்றுகளின் மேல் படவிட்டு, தாங்குபவற்றைக் கொண்டு காட்டை மீட்கப் பல ஆண்டுகளாக முயன்று வருகிறார்கள். கூம்பு முற்றும்வரை காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது என்பதால், பிஞ்சாக இருக்கும்போதே கயிறு கட்டி உச்சிக்கு ஏறி, ஒவ்வொரு கொத்தையும் கம்பிவலைக் கூண்டால் மூடிவிட்டு, இலையுதிர் காலத்தில் மறுபடி ஏறி எடுக்கிறார்கள். நான் அண்ணாந்து பார்த்தபோது மரம் முழுவதும் சிறு கூண்டுகள் மின்னின. இறங்கி வந்த பெண்ணின் கையுறை முழுவதும் பிசின். வலை யாரைத் தடுக்க என்று கேட்டேன். இருவரையும்தான் என்றார். அவர் தலைக்கு மேலே ஒரு நட்கிராக்கர் கூண்டு ஒன்றின் மீது உட்கார்ந்து, கண்ணி வழியாக அலகை நுழைத்து நுழைத்து எடுத்துக்கொண்டிருந்தது. அடிமரத்தில் பாதி உயரத்தில் தலைகீழாகத் தொங்கியபடி அணில் எங்கள் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தது.